பாலாறு கடலில் 'வீணாக'க் கலக்கிறதா?

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் ஒரு டம்ளர் டீயோடு உட்காருங்கள். டீக்கும் இந்தக் கதையில் வேலை இருக்கிறது.

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடும்: "பாலாற்றில் வெள்ளம், வீணாகக் கடலில் கலக்கும் நீர்." இந்த மழைக்கும் ஓடியது. அந்த வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இப்போது நெஞ்சில் ஏதோ குத்துகிறது. ஏனென்றால் அதை 33 வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவள் நான். "ஆற்று நீர் வீணாகக் கடலில் கலப்பதைத் தடுக்க வேண்டும்." நீர் மேலாண்மைக் கட்டுரை என்றால் மூன்றாவது பத்தி இதுதான். மனப்பாடம் செய்யாத பிள்ளைக்கு மார்க் குறைத்திருக்கிறேன்.

1994 என்று நினைவு. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வயலூர்ப் பக்கத்து மீனவர் குப்பம். இங்கே காஞ்சிபுரத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தான். அரையாண்டுத் தேர்வுக் கட்டுரையில் அவன் எழுதியிருந்தான்: பாலாறு வந்தால்தான் எங்கள் ஊரில் இறால் வரும், மடவை வரும், அதனால் ஆறு கடலில் கலப்பது வீண் இல்லை. நான் சிவப்பு மையால் குறுக்கே ஒரு கோடு போட்டு "தவறு" என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். வகுப்பில் சத்தமாகப் படித்தும் காட்டினேன். மற்ற பிள்ளைகள் எல்லாம் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள், கடலைப் பார்த்ததே மகாபலிபுரம் சுற்றுலாவில்தான். "மீனுக்கு ஆத்துத் தண்ணியாம்!" என்று ஒரே சிரிப்பு. அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனாலும் வரவில்லை.

இதை 2021 நவம்பர் வரை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

அந்த நவம்பர் உங்களுக்கு நினைவிருக்கும். பாலாற்றில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் வந்தது. நம் வாழ்நாளில் மணல் மட்டுமே பார்த்த ஆறு அது. செவிலிமேட்டுப் பக்கம் ஊரே போய் நின்று வேடிக்கை பார்த்தது. நானும் போனேன். தண்ணீர் சேற்று நிறத்தில், ஓரத்தில் கெட்டி டிகாக்‌ஷன் நிறத்தில் போனது. சருகு, வேர், மரம், தென்னை மட்டை, பிளாஸ்டிக், செத்த மாடு. பக்கத்தில் நின்ற பெரியவர் "எல்லாம் வீணா கடலுக்குப் போவுது பாரும்மா" என்றார். நானும் "ஆமாங்க" என்றேன்.

அடுத்த மாதம் என் பழைய மாணவி ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். கடல் வேதியியலில் ஆராய்ச்சி செய்கிறவள். பேர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவளிடம் வெள்ளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது அதே வார்த்தையைச் சொன்னேன், "வீணா போச்சே." அவள் சிரித்துவிட்டு, "டீச்சர், அந்த டிகாக்‌ஷன் கலர் என்னன்னு நினைக்கிறீங்க?" என்றாள்.

அதற்கு அவள் சொன்ன பதிலைத்தான் எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி முடித்தவள், வேதியியல் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் சாயக்காரர் மகள். இந்த விஷயத்தில் பட்டத்தைவிட அது உதவியது.

எங்கள் அப்பா பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போட்டவர். தாத்தா காலத்தில் கறுப்புக்குக் கடுக்காயும் அன்னபேதியும்தான். கடுக்காயை இடித்து ஊறவைத்தால் மங்கலான பழுப்புத் தண்ணீர் வரும். அன்னபேதி இரும்பு உப்பு, கரைத்தால் வெளிர் பச்சை. இரண்டையும் சேர்த்தால் கண் முன்னாலேயே கறுத்துவிடும். அந்தக் காலத்தில் எழுதும் மையும் இப்படித்தான் செய்தார்கள். கடுக்காயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் பிடிதான் கறுப்பாகத் தெரிகிறது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களிடம் "கூடவே டீ குடிக்காதீங்க" என்று டாக்டர் சொல்வதும் இதற்காகத்தான். டீயின் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டால் உடம்பு அதை எப்படி எடுக்கும்?

ஆற்றின் டிகாக்‌ஷன் நிறமும் கிட்டத்தட்ட இதே சரக்குதான். இலை, சருகு, பட்டை, வேர் எல்லாம் மண்ணில் மக்கிக் கரைந்து வருவது. இதைக் கரிமப் பொருள் என்கிறார்கள். இவற்றுக்கு உலோகத்தைப் பிடிக்கும் கைகள் உண்டு. இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும் இந்தப் பிணைப்புக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரே நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாம். 'கிலேட்'. அவள் இதைச் சொன்னபோது எனக்கு அந்தக் குப்பத்துப் பையன் நினைவுக்கு வந்தான். ஏன் என்று தெரியவில்லை, நண்டு என்றதும் இருக்கலாம்.

ஆற்று நீரில் இரும்பு, செம்பு, துத்தநாகம், நிக்கல், காட்மியம் எல்லாம் மிக மிகச் சிறிய அளவில் இருக்கும். லிட்டருக்கு ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு, சிலவற்றுக்கு அதில் சில மடங்கு அல்லது சில பத்து மடங்கு என்ற கணக்கு. சுவடு உலோகங்கள் என்று பெயர். கடலில் இன்னும் குறைவு. நடுக்கடலின் மேல்நீரில் இரும்பு ஆற்றில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. இரும்பு தண்ணீரில் கரைந்து நிற்க விரும்பாத உலோகம். காற்று பட்டால் துருவாகிக் கீழே போய்விடும். ஆனால் கடலில் கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் பாசிகளுக்கு இரும்பு இல்லாமல் முடியாது. அந்தப் பாசியைத் தின்னும் சிறு உயிர், அதைத் தின்னும் மீன் என்று நாம் பாடத்தில் படம் வரைவோமே, உணவுச் சங்கிலி, அதன் முதல் கண்ணி இந்தப் பாசி.

ஆற்றின் கரிமப் பொருள் இரும்பைக் கையில் பிடித்துக்கொண்டு துருவாக விடாமல் கொண்டுவருகிறது. சரி, அப்படியே கடலில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுமா என்றால், இல்லை. முகத்துவாரத்தில் ஒரு பெரிய சுங்கச்சாவடி இருக்கிறது.

வீட்டில் செய்து பாருங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் களிமண் கலக்கிய தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு ஸ்பூன் கல்லுப்பு போட்டுக் கலக்கி வையுங்கள். உப்பு போட்டது முதலில் தெளியும். நல்ல தண்ணீரில் இருக்கும் நுண்துகள்கள் எல்லாம் ஒரே மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். உப்பு வந்ததும் அந்தத் தள்ளல் போய்விடும். ஒட்டிக்கொண்டு திரளும், அடியில் போகும். எலுமிச்சை பட்ட பால் திரிவது காரணத்தில் கொஞ்சம் வேறு, கண்ணுக்குத் தெரிவது ஒன்று.

1970களில் ஷோல்கோவிட்ஸ் என்ற விஞ்ஞானி ஸ்காட்லாந்து ஆற்று நீரை வடிகட்டி எடுத்து, ஆய்வுக்கூடத்தில் கடல்நீரோடு கலந்து, எது எவ்வளவு திரிகிறது என்று அளந்தார். அங்கே ஆறுகளில் மக்கு நிறைய, தண்ணீர் டீ நிறத்திலேயே ஓடும். முடிவு விசித்திரமானது. கரைந்திருந்த கரிமப் பொருளில் திரிந்தது 3 முதல் 11 சதவீதம்தான். ஆனால் இரும்பில் பெரும்பகுதி அதோடு போய்விட்டது. செம்பும் நிக்கலும் சுமார் 40 சதவீதம். காட்மியம் சில சதவீதம் மட்டுமே. அதாவது ஒவ்வொரு உலோகத்துக்கும் ஒவ்வொரு விதி. இரும்பு பெரும்பாலும் முகத்துவாரச் சேற்றிலேயே தங்கிவிடும். கையில் கெட்டியாகப் பிடிபட்ட கொஞ்சம் மட்டும் தப்பித்துக் கடலுக்குப் போகும். கடலில் இருப்பதே கொஞ்சம் என்பதால் அந்தக் கொஞ்சத்துக்கும் மதிப்பு அதிகம்.

செம்பு விஷயம் எனக்குத் தனியாக உறைத்தது. அப்பா பட்டறையில் பெரிய செம்பு அண்டாக்கள் இருந்தன. செம்பு நல்லது, செம்புப் பாத்திரத்துத் தண்ணீர் நல்லது என்று வளர்ந்தவர்கள் நாம். ஆனால் கடல் பாசிக்குத் தனித்து அலையும் செம்பு விஷம். துளியளவு போதும். 1976இல் சுண்டா, கில்லார்ட் என்ற இருவர் காட்டியது என்னவென்றால், தண்ணீரில் மொத்தம் எவ்வளவு செம்பு இருக்கிறது என்பது முக்கியமில்லை, யார் கையிலும் பிடிபடாமல் தனியாக எவ்வளவு இருக்கிறது என்பதுதான் பாசியைக் கொல்லும் அளவு. கரையோரக் கடலில் பொதுவாகச் செம்பில் 99 சதவீதத்துக்கு மேல் ஏதோ ஒரு கரிமப் பொருளின் பிடியில்தான் இருக்கிறது. ஆறு கொண்டுவந்த மக்கு இரும்பைக் கொண்டுவந்து கொடுக்கும், செம்பைப் பிடித்து அடக்கும். ஒரே கை.

இதைக் கேட்டதும் நான் கேட்ட முதல் கேள்வி: "அப்போ அப்பா ஊத்தின சாயத்தண்ணி?"

எங்கள் பட்டறைத் தண்ணீர் கால்வாய் வழியாக வேகவதிக்குப் போனது. அந்தக் காலத்தில் எல்லோருடையதும் அப்படித்தான். இப்போது யாரையும் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, எங்கள் வீட்டுக் கணக்கை மட்டும் சொல்கிறேன். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்தால் அதன் மேல் இருக்கும் பசை கரைந்து போகும். பட்டின் எடையில் நாலில் ஒரு பங்கு அதுதான். ஒரு கிலோ பட்டுக்குக் கால் கிலோ பசை தண்ணீரோடு போகும். அது புரதம், அதுவும் கரிமப் பொருள். அப்பா காலத்துக்கு வந்த புதுச் சாயங்களில் சிலவற்றில் குரோமியமோ கோபால்ட்டோ மூலக்கூறுக்குள்ளேயே கட்டப்பட்டிருக்கும். சாயம் போகாமல் நிற்பதற்குக் காரணமே அந்த உலோகப் பிடிதான். நூல் குடித்தது போக மிச்சம் கால்வாயில்.

அதைவிடப் பெரிய கணக்கு நமக்கு மேலே இருக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் ஊர்கள். முன்பு ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்தினார்கள், நாள் கணக்கில் ஆகும். குரோமிய உப்பு வந்ததும் வேலை சீக்கிரம் முடிந்தது. தோலும் புரதம்தானே, குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். தோல் பிடிக்காத மிச்சம் பாலாற்றுப் படுகைக்கு வந்தது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் கொடுத்த தீர்ப்பைச் சட்டம் படிக்கிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள். மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக நின்றது அந்த வழக்கில்தான். சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுவதுமோ ஓரளவோ பாழானது என்று அதில் பதிவாகியிருக்கிறது. நாம் பாலாற்றுத் தண்ணீர் குடிக்கும் ஊர்க்காரர்கள். இதை எந்த வகுப்பிலும் நான் நடத்தவில்லை. பாடத்தில் இல்லை என்பது ஒரு சாக்கு.

மாணவி நல்லதையும் சொன்னாள், கெட்டதையும் சொன்னாள். கொடிய வகைக் குரோமியத்தை மண்ணிலும் நீரிலும் உள்ள மக்கு அவ்வளவு கொடியதல்லாத வகையாக மாற்ற வல்லது. பெரும்பகுதி சேற்றில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் கரிமப் பொருளே அதில் கொஞ்சத்தைப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே தொலைவுக்கும் கொண்டுபோகும். பிடிக்கும் கை சுமக்கவும் செய்யும். காட்மியம் மாதிரி சிலது இன்னும் மோசம். ஆற்றில் வண்டலோடு சமர்த்தாக ஒட்டி வரும். கடலில் உப்பின் குளோரைடு கூப்பிட்டதும் வண்டலை விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கிவிடும்.

இன்னொன்று. கரிமப் பொருள் என்றால் இலைமக்கு மட்டுமில்லை, சாக்கடையும்தான். வேகவதியில் கோடைக்காலத்தில் ஒரு குச்சியை விட்டுக் கிளறினால் கறுப்புச் சேறு வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். சாக்கடையின் கரிமத்தை நுண்ணுயிர்கள் தின்று உயிர்வளியைத் தீர்த்துவிட்டால், பிறகு கந்தக வாயு கிளம்பும். அந்தக் கந்தகம் இரும்பு, செம்பு எல்லாவற்றையும் பிடித்துக் கறுப்பாக்கும். நம் ஊர்ப் பெண்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, பீரோவில் வைத்த பட்டுப் புடவையில் சரிகை கறுப்பதும் கந்தகம் வெள்ளியைப் பிடிப்பதால்தான். சேறு அசையாமல் இருக்கும்வரை உலோகம் அதில் அடங்கிக் கிடக்கும். பத்து, இருபது வருடத்துக்கு ஒருமுறை பெருவெள்ளம் வந்து சேற்றைப் புரட்டிக் காற்றோட்டமான தண்ணீரில் விட்டால், அடங்கியது மறுபடி கிளம்பும். செவிலிமேட்டில் நான் பார்த்த தண்ணீரில் எங்கள் அப்பாவின் கறுப்பும் இருந்திருக்கலாம்.

2022 பொங்கல் கழிந்து அவள் முகத்துவாரத்தில் தண்ணீர் எடுக்கப் போவதாகச் சொன்னாள். "நானும் வரட்டுமாம்மா?" என்றேன். காலை 4 மணிக்குக் கிளம்பினோம். வாலாஜாபாத் தாண்டித் திருமுக்கூடலில் கொஞ்சம் நின்றோம். செய்யாறும் வேகவதியும் பாலாற்றில் சேரும் இடம். அங்கே பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் அங்கே 15 படுக்கை உள்ள மருத்துவமனை நடந்ததையும் அதில் இருப்பு வைத்திருந்த மருந்துகளையும் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் கடுக்காய் சேர்ந்த மருந்துகளும் உண்டு. மூன்று ஆறும் தண்ணீரோடு ஓடியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அறுபது வயதுக்கு மேல்.

பிறகு திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினம், அங்கிருந்து தெற்கே வயலூர். கல்பாக்கத்துக்கு அருகில் அங்கே சில வருடங்களுக்கு முன் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள், கடல்நீர் உள்ளே ஏறாமல் இருக்க. நல்ல காரியம். கிணறு உப்பாகாமல் இருந்தால்தான் ஊர் இருக்கும். அணை வேண்டாம், ஏரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம்முடையதே ஏரிகளின் மாவட்டம் என்று பெயர் வாங்கிய பகுதி. ஆனால் நம் முன்னோர் ஏரி கட்டியபோதெல்லாம் கலங்கலும் சேர்த்துத்தான் கட்டினார்கள். நிரம்பியது போக மிச்சத்தைக் கீழே விட்டார்கள்.

படகில் ஏறப் போனபோது ஒரு கூத்து. நான் மரியாதைக்குச் சரிகைக் கரை போட்ட புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். மாணவி தயங்கித் தயங்கி, "டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க, நீங்க படகோட அந்தக் கோடியில உட்காருங்க. வளையலக் கழட்டிடுங்க" என்றாள். லிட்டரில் இவ்வளவு நுண்ணிய அளவை அளக்கும்போது வளையல், மோதிரம், படகின் துரு, இரும்பு வாளி, எல்லாமே கணக்கைக் கெடுக்கும். 1970களுக்கு முன்னால் கடல்நீர் உலோகம் என்று உலகம் முழுக்க அளந்த எண்களில் பெரும்பாலானவை தவறாம். கடலை அளக்கவில்லை, தங்கள் கப்பலையும் புட்டியையும் அளந்திருக்கிறார்கள். அவள் அமிலத்தில் நாள்கணக்கில் ஊறவைத்துக் கழுவிய பிளாஸ்டிக் புட்டிகளை இரட்டைப் பையில் கொண்டுவந்திருந்தாள். கையுறை போட்டு, காற்று வரும் திசை பார்த்து, படகின் முன்னால் கை நீட்டி நிரப்பினாள். பட்டறையில் அப்பா சாயம் கலக்கும்போது யாரும் பேசக் கூடாது, அதே முகம் இவளுக்கும். நான் எட்டாவது படிக்கும் பிள்ளை மாதிரி வாயை மூடிக்கொண்டு கோடியில் உட்கார்ந்திருந்தேன்.

படகு ஓட்டியவன் யார் என்று நினைக்கிறீர்கள். பழைய மாணவர்கள் வாட்ஸ்அப் குழுவில் "வயலூர்ப் பக்கம் யாராவது இருக்கீங்களா, படகு வேண்டும்" என்று நான்தான் கேட்டிருந்தேன். ஒருவர் இன்னொருவரைச் சொல்லி, அவர் ஒரு நம்பர் கொடுத்தார். கரையில் பார்க்கும்வரை அவன்தான் என்று தெரியாது. நாற்பது வயது தாண்டி, முன்தலை வழுக்கை. "டீச்சர், என்னத் தெரியுதா?" என்றான். தெரிந்தது.

திரும்பும்போது கேட்டுவிட்டேன். "அன்னிக்கு உன் கட்டுரையில தப்பு போட்டேனேப்பா, ஞாபகம் இருக்கா?"

அவன் இன்ஜினைக் குறைத்தான். "மார்க் ஞாபகம் இல்ல டீச்சர். எல்லாரும் சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சீங்க. அது ஞாபகம் இருக்கு." கோபமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். எனக்குத் தொண்டை அடைத்தது. சரி என்று மட்டும் சொன்னேன். மாணவி புட்டிகளை எண்ணுவது போலக் குனிந்துகொண்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் அவனே கையைக் காட்டினான். "அதோ பாருங்க." தண்ணீரின் மேல் ஒரு கோடு, கிழித்தாற்போல. இந்தப் பக்கம் பழுப்பு, அந்தப் பக்கம் பச்சை. கோட்டின் மேலேயே நுரையும் சருகும் வரிசையாகச் சேர்ந்து மிதந்தன. பறவைகள் அந்தக் கோட்டை விட்டு நகரவில்லை. "எங்க அப்பா அந்தக் கோடு பாத்துதான் வலை விடுவாரு" என்றான். ஆறு வராத வருடங்களில் மணல் சேர்ந்து வாய் அடைத்துவிடும், கோடும் கிடையாது, குஞ்சு இறால் உள்ளே ஏறவும் வழி கிடையாது என்றான்.

அவன் சொன்ன இறாலுக்கு இரும்பு மட்டும் காரணமில்லை என்பதையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் தப்பாகச் சொல்லிக் கொடுத்தவள் ஆவேன். இறால் குஞ்சுகள் வளர உப்பும் நன்னீரும் கலந்த இடம் வேண்டும். வண்டலோடு வரும் மற்ற சத்துகளும் உண்டு. மக்கும் உலோகமும் அதில் ஒரு பகுதி. ஆனால் ஜப்பானில் இதே கதையை ஒரு மீனவர் உலகத்துக்கே சொல்லியிருக்கிறார். ஹதகேயாமா என்று பெயர், கெசென்னுமா வளைகுடாவில் சிப்பி வளர்த்தவர். கடல் கெட்டுச் சிப்பி சிவந்துபோனபோது அவர் கடலைப் பார்க்காமல் ஆற்றின் தலைப்பைப் போய்ப் பார்த்தார். 1989இல் மீனவர்களைக் கூட்டிக்கொண்டு மலையில் மரம் நட ஆரம்பித்தார். மீன்பிடிக் கொடிகளை மலையில் பறக்கவிட்டு மரம் நட்டார்களாம். காட்டு மண்ணின் மக்கு இரும்பைப் பிடித்துக் கடலுக்குக் கொண்டுவருகிறது என்று அவருக்கு விளக்கியவர் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்து வேதியியலாளர் மட்சுனாகா. அவர் சொல்வதற்கு முன்பே மீனவருக்குத் தெரிந்திருந்தது. 1994இல் என் வகுப்பில் உட்கார்ந்திருந்தவனுக்கும் தெரிந்திருந்தது.

கரை சேர்ந்ததும் அவன் மாணவியிடம் ஒன்று கேட்டான். "மேடம், மேல தோல் கம்பெனித் தண்ணி எல்லாம் இதுலதான வருது. வாய்ல புடிக்கிற நண்டு, மட்டி எல்லாம் புள்ளைங்க சாப்பிடலாமா?" அவள் கலர் பார்த்தோ வாசனை பார்த்தோ அதைச் சொல்ல முடியாது என்றாள். மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர், சேற்றில் இருப்பது அதன் உடம்பில் சேரும், மீனைவிட அதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும் என்றாள். சதையை எப்படி எடுத்து வைப்பது, எங்கே கொடுப்பது என்று எழுதிக் கொடுத்தாள். அவன் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். அன்று அவன் கேட்ட கேள்விதான் எங்கள் மூவரில் யார் கேட்டதைவிடவும் சரியான கேள்வி.

எனக்கு ஒரு பை மடவை கொடுத்தான். காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்துவிட்டு, அந்த வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். "1994 எட்டாம் வகுப்பு மாணவர்கள் கவனத்துக்கு. அரையாண்டுத் தேர்வில் நீர் மேலாண்மைக் கட்டுரையில், ஆறு கடலில் கலப்பது வீண் இல்லை என்று எழுதிய ஒரு மாணவனுக்கு நான் தவறு போட்டேன். அவன் எழுதியது சரி. நான் போட்டதுதான் தவறு. அன்று அவனைப் பார்த்துச் சிரித்ததும் என் தவறு." பதினோரு பேர் கும்பிடும் கை போட்டார்கள். ஒருத்தி "டீச்சர் எனக்கும் ஒரு மார்க் பாக்கி இருக்கு" என்றாள். அவனை அதற்குள் குழுவில் சேர்த்திருந்தார்கள். ராத்திரி பத்து மணிக்கு அவனிடமிருந்து ஒரு படம் மட்டும் வந்தது. விடியற்காலையில் எடுத்தது, பழுப்பும் பச்சையும் சேரும் அந்தக் கோடு.